வறுத்த கொள்ளு

மொதக் கை வீசியாச்சு. ஒண்ணும் ஆகலை. வானம் இடிஞ்சு உழுகலை, பூமி பொளந்துக்கலை. கொள்ளு போயி உழவுச் சால்ல உழுந்து, உருண்டு, ஒக்காந்துக்கிச்சு, நல்ல வெதை எப்படி ஒக்காருமோ அப்படியே. ரோட்டுல போறவன் எட்டிப் பாத்தாலும் நாகரத்தினம் கொள்ளு வெதைக்கறாள்னுதான் நெனப்பான். வறுத்த கொள்ளுன்னு எவனுக்குத் தெரியப் போவுது? வெடியாலயே ஊட்டுக்குப் பொறகால பொடக்காளியில அடுப்புக் கூட்டி, தீயை எரிய உடாம, தணல்லயே, நெறம் மாறாம, கருகாம, சட்டி சட்டியா வறுத்து எடுத்தேன். கையில அள்ளுனாச் சுடும், வாசம் லேசா ஏறும், அந்தப் பதத்துல எறக்கிப் போட்டேன். அதுக்கு மேல வேண்டியதில்லை, அதுலயே உசுரு போயிரும். எத்தனை மழை பேஞ்சாலும் மொளைக்காது. உள்ள கட்டில்ல கெடந்த மனுசனுக்கு வாசம் போயிருச்சு. "என்ன நாகு, கொள்ளு ரசமா?"ன்னாரு. ஆமாங்கன்னேன். சொன்ன வாய்க்காக ரசமும் வெச்சு மத்தியானம் ஊத்துனேன். ரெண்டாந்தடவையும் கேட்டு வாங்கிக் குடிச்சாரு, நல்லா இருக்குதுன்னாரு. எனக்குத்தான் சோறு எறங்கலை.

ஏன் இந்தத் திருட்டு வேலைன்னு எனக்கு நானே கேட்டுக்கிட்டுத்தான் இருக்கறேன். வெதைக்க மாட்டேன் போங்கன்னு சொல்லிப்போட்டுக் கம்முனு இருந்திருக்கலாம். இருந்தா அந்த மனுசன் உடுவாரா? இடுப்புல தகடு வெச்சு மல்லாக்கப் படுத்திருக்கற ஆளு, வாசல்ல எவன் செருப்புச் சத்தம் கேட்டாலும் கூப்புட்டு, கரட்டோரக் காட்டுல சித்தெ கொள்ளு எறைச்சுக் குடுத்துட்டுப் போ சாமின்னு கெஞ்சுவாரு. அவரு கெஞ்சறதக் கேக்க எனக்கு ஆகாது. எத்தனை கோவம் இருந்தாலும் அது ஆகாது. இல்லீனா சுவத்தப் புடிச்சுக்கிட்டு அவரே எந்திரிச்சு வந்தாலும் வருவாரு. ஆசுபத்திரியில இருந்து வந்த நாள் தொட்டு ஒரே பேச்சுத்தான். புரட்டாசி மழை உழுந்துச்சா, டிராக்டர்காரன் உழவு ஓட்டுனானா, ஈரம் எத்தனை கீழ எறங்கியிருக்குது. இன்னைக்கு வெடியால முளிச்சதும் முளிக்காததுமா, "நாகு, பொழுது உழுகறதுக்குள்ள வெதைச்சுப் போடோணும். நாளைக்கு வெயில் ஏறுச்சுன்னா ஈரம் போயிரும். எனக்காக ஒருக்கா"ன்னாரு. எனக்காகவாம். ரெண்டு வருசமா இந்தக் காட்டுப் பக்கமே கால் வெக்காதவளக் கூப்புட்டு எனக்காகன்னா? சரீங்கன்னேன். அப்பவே தோணிப்போச்சு. வெதைச்ச மாதிரியும் இருக்கோணும், மொளைக்காமயும் இருக்கோணும். கொஞ்ச நாள் பாப்பாரு, போறவங்க வர்றவங்களக் கேப்பாரு, ஒண்ணையும் காணமேம்பாங்க. வெதை சொத்தையா இருக்கும், தெய்வத்துக்கே புடிக்கலை போலன்னு உட்டுருவாரு. உட்டா, மானுக்குப் பந்தி போடற இந்தக் கூத்து இத்தோட ஒழியும். எனக்கு அது ஒழிஞ்சாப் போதும்.

கை தானா வீசுது. கூடைக்குள்ள போவுது, அள்ளுது, வீசுது, கால் ஒரு எட்டு நவுருது. கல்யாணமாகி வந்த வருசம் மாமியா கத்துக்குடுத்த வீச்சு, மறக்கவே மாட்டீங்குது. அக்கட்ட ஒரு வண்டிச் சத்தம். நின்னுட்டேன். டூ வீலர்தான். மூச்சு நெஞ்சுக்குழியில வந்து நின்னுக்கிச்சு. வருது, வருது, திருப்பத்துல வேகம் கொறையுது, கொறைஞ்சு, கொறைஞ்சு, தாண்டிப் போயிருச்சு. போயிருச்சுன்னு காதுக்குத் தெரிஞ்ச பொறகுதான் மூச்சு எறங்குச்சு. ஊட்டுக்குள்ள இருக்கறப்பவும் இப்படித்தான். அடுப்புல பால் பொங்கி ஊத்துனாலும், ரோட்டுல ஒரு வண்டி வந்தா அது போய்ச் சேர்ற வரைக்கும் நான் நவுர்றதில்லை. அந்தத் திருப்பத்தப் பாக்கக் கூடாதுன்னுதான் முதுகக் காட்டிக்கிட்டு வெதைக்க ஆரம்பிச்சேன். முதுகுக்குக் கண்ணு இருக்குது போல, அங்கயே பாத்துக்கிட்டு இருக்குது. தரணி மெதுவாத்தான் வந்தானாம். எல்லாரும் சொன்னாங்க. மில்லுல சிப்ட்டு முடிஞ்சு, ஹெல்மெட்டு மாட்டி, மெதுவாத்தான் வந்தானாம். பொழுது எறங்கற நேரம், இதே நேரம். கரட்டுல இருந்து எறங்குன கலைமான் ஒண்ணு, ரோட்டுக்கு அக்கட்ட இருக்கற கடலைக்காட்டுக்குப் போகத் தாவியிருக்குது. வேகமா வந்தான்னு ஒருத்தராவது சொல்லியிருந்தா, ஏன்டா வேகமா வந்தேன்னு அவனைத் திட்டியாவது அழுதிருப்பேன். குடிச்சிருந்தான், போன் பேசிக்கிட்டு வந்தான்னு சொல்லியிருந்தாலும் ஆச்சு. ஒரு தப்பும் பண்ணலியே எம்பட பையன். தப்புப் பண்ணாதவன் செத்தா யாரத் திட்டறது? மானைத் தவிர எனக்கு ஒருத்தரும் கெடைக்கலை.

தகவல் வந்து நான் ஓடியாந்தப்ப ரோட்டுல சனம் ரெண்டு கூட்டமா நின்னுச்சு. எது எந்தக் கூட்டம்னு எனக்கு எப்படித் தெரியும்? பக்கத்துல இருந்த கூட்டத்துக்குள்ள ஆளுகளப் புடிச்சுத் தள்ளிப்போட்டுப் புகுந்தேன். பாத்தா மான். ரோட்டுமேல கழுத்த நீட்டிப் படுத்துக்கிட்டு, கண்ணு தொறந்தே இருக்குது, மூக்குல ரத்தம். அட, மானுதானா! அப்படித்தான் நெனச்சேன். மானுதானான்னு போன உசுரு திரும்பி வந்துச்சு எனக்கு. எத்தனை நேரம் அப்படி நெனச்சிருப்பேன், கண்ணு மூடித் தொறக்கற நேரம் இருக்குமா? அந்த நேரத்துல நான் சிரிச்சனோ என்னமோ. பொறகு யாரோ "அக்கா, அங்க"ன்னு தோளப் புடிச்சுத் திருப்புனாங்க. அங்க இன்னொரு கூட்டம். அதுதான், அந்த ஒரு நேரம்தான், அதையேதான் மனசு தெனமும் போயித் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டு வருது. தூங்கப் போறப்ப மானுதானாங்குது. முளிக்கறப்ப மானுதானாங்குது. திரும்பாமயே நின்னிருந்தா? அந்தக் கூட்டத்துக்குள்ளயே நான் நின்னுக்கிட்டே இருந்திருந்தா? பைத்தியக்காரி நெனப்பு. மறாநாள் அந்த மானுக்கும் எவனோ சாமந்தி மாலை வாங்கிப் போட்டு மஞ்சத் தண்ணி தெளிச்சிருக்கறான். பாவம் வாயில்லா ஜீவன்னு. எம்பட பையன் மாலையும் அதே பூக்கடையில வாங்குனதாத்தான் இருக்கும்.

இத்தனையும் பாத்த மனுசன்தான் கொள்ளு வெதைக்கறேன்னு கெளம்புனாரு. அர்த்தநாரின்னா ஊருல கேளுங்க, மான் மயிலுன்னா எப்படித் தொரத்துவாருன்னு. கடலை போட்ட வருசமெல்லாம் தகர டப்பாவத் தட்டிக்கிட்டு, பட்டாசு கொளுத்திப் போட்டுக்கிட்டு, வரப்புலயே கெடப்பாரு. ஒரு செடியக் கடிச்சிருந்தாலும் அன்னைக்கெல்லாம் புலம்புவாரு. அந்த ஆளு, பையன் போயி வந்த மொதப் புரட்டாசியில, ரோட்டுக்கு இக்கட்ட இருக்கற இந்தக் கரட்டோரத் துண்ட உழுது கொள்ளு எறைச்சாரு. வரப்போரம் மயிலுக்குன்னு கம்பும் எறைச்சாரு. கோடைக்குத் தண்ணிக்குன்னு ஒரு தொட்டி வேற கட்டுனாரு, அதுல பாசி தேய்க்கப் போயித்தான் வழுக்கி உழுந்து இடுப்ப ஒடச்சுக்கிட்டது. ஊரே சிரிச்சுச்சு. மானுக்கு விருந்து வெக்கறாருடான்னு டீக்கடையில பேச்சு. சோறு போட்டுக்கிட்டே கேட்டேன், என்னங்க இது, யாருக்குங்க வெதைக்கறீங்கன்னு. குனிஞ்ச தலை நிமுராம, "இக்கட்டயே வகுறு நெம்பிட்டா அக்கட்ட எதுக்கு நாகு போவுது? ரோட்டத் தாண்டற வேலை இல்லையே"ன்னாரு. அவரு முன்னால இருந்த தட்டத் தூக்கி வாசல்ல வீசிப்போட்டேன். கொன்னதுக்குச் சோறு போடறீங்களா, வெக்கமா இல்லியா, பெத்த அப்பன்தானா நீங்கன்னு கேட்டேன். கேக்கக் கூடாததெல்லாம் கேட்டேன். அவரு எந்திரிச்சுப் போயி செதறுன சோத்த ஒவ்வொண்ணா பொறுக்குனாரு, கோழிக்குப் போட்டாரு, கையக் கழுவிக்கிட்டு வெதைக்கப் போயிட்டாரு. அன்னைக்கு உட்டது பேச்சு. சாப்பாடு இருக்குது, மாத்திரை போட்டாச்சா, கரண்டு பில்லு வந்திருக்குது. அதுக்கு மேல எங்களுக்குள்ள ஒண்ணுமில்லை. ஒரு ஊட்டுக்குள்ள ரெண்டு பேரு, ரெண்டு பேருக்கும் ஒரே துக்கம், ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாக்க முடியலைன்னா என்ன பொழப்பு இது.

பொறகால கரகரன்னு ஒரு சத்தம். திரும்பிப் பாத்தா மயிலுக. பெட்டை மயிலு ஆறேழு, நீலக்கழுத்துக்காரன் ஒருத்தன். நான் எறைக்க எறைக்க, சால் புடிச்சு வரிசையா வந்து கொள்ளப் பொறுக்கிக்கிட்டு இருக்குதுக, என்னமோ நான் கூலிக்கு வெச்ச ஆளு மாதிரி. "ஏ கழுதைகளா, போங்க அக்கட்ட"ன்னேன். ஒண்ணாவது அசையோணுமே. தலைய ஒருக்காச் சாச்சு என்னப் பாத்துச்சு ஒண்ணு, பாத்துட்டு மறுக்கா கொத்துச்சு. அவருகிட்டப் பழகுன பழக்கம். இங்க கூடையோட நிக்கற மனுசன் அடிக்க மாட்டான்னு அதுகளுக்கு நெனப்பு. "வறுத்ததுடி அது. ருசியா இருக்குதா? உங்களுக்கென்ன, பச்சையும் ஒண்ணு வறுத்ததும் ஒண்ணு"ன்னேன். வாய் தொறந்து பேசுனது எனக்கே வித்தியாசமா இருந்துச்சு. ஊட்டுல இத்தனை பேசறதில்லையே நான். தின்னுட்டுப் போங்க, தின்னா மிச்சம் இருக்காது, மொளைக்கலைன்னு சொல்ல எனக்கும் ஒரு சாக்கு. மயிலு பூராவும் தின்னு போட்டுச்சுங்கன்னு சொல்லிக்கலாம். அதுவும் பொய்யில்லை. இப்படியே பொய்யில்லாத பொய்யாக் கோத்துக்கிட்டுப் போறனே, இதையெல்லாம் எங்க கத்துக்கிட்டேன் நான்? தரணி இருந்தா மொகத்தப் பாத்தே கண்டுபுடிச்சிருப்பான். "அம்மா, நீ பொய் சொன்னா உனக்கு மூக்கு வேர்க்குது"ம்பான். மூக்கத் தொட்டுப் பாக்கறேன். வேர்த்துத்தான் இருக்குது. வெயிலுக்கா இருக்கும். வெயில் எங்க இருக்குது, பொழுதுதான் கரட்டுக்குப் பொறகால போயிருச்சே.

பாதிக்கு மேல முடிஞ்சுது. ரோட்டுப் பக்கம் ஆரம்பிச்சவ இப்பக் கரட்டு அடிவாரம் வந்து, வேலாமரத்துக்குக் கீழ கூடைய எறக்கி வெச்சேன். இடுப்பு விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. ஒக்காந்தா எந்திரிக்க முடியாதுன்னு நின்னுக்கிட்டே காட்டப் பாத்தேன். உழுத மண்ணு செவசெவன்னு கெடக்குது. நல்ல பதம். அவரு சொன்னது சரிதான், கையில அள்ளிப் புடிச்சா கொழுக்கட்டையாட்டப் புடிபடுது. இதுல பச்சக் கொள்ளு உழுந்திருந்தா மூணாம் நாளே தலை தூக்கியிருக்கும். தூக்க வேண்டாம். தூக்கி என்ன ஆகோணும்? மறுக்கா நெனப்பு சுத்துது. போன வருசம் தை மாசம் அவரு ஒரு நாள் பொழுதோட வந்து, மொகமெல்லாம் ஒரு மாதிரி இருந்து, "குட்டியோட ஒரு பெட்டை வந்துச்சு நாகு, எனக்குப் பக்கத்துலயே மேயுது"ன்னாரு. சந்தோசமா சொன்னாரோ அழுதுக்கிட்டுச் சொன்னாரோ, நான் ஏறெடுத்தே பாக்கலை. குட்டியாம். அதுக்கு மட்டும் குட்டி இருக்கோணுமா? எனக்கு ஒண்ணே ஒண்ணுதானே இருந்துச்சு. இதத்தான் கேக்கத் தோணுச்சு. கேக்கலை. வெளக்கேத்தப் போயிட்டேன்.

அப்பத்தான் பாத்தேன். பள்ளத்து வழியா ஏறி வந்திருக்குது போல, சத்தமே இல்லை. நாலஞ்சு மானு. முன்னால ஒரு பெட்டை, ஒட்டுனாப்புல குட்டி ஒண்ணு, பொறகால மத்ததுக. எனக்கும் ரோட்டுக்கும் நடுவுல, நான் எறைச்ச எடத்துல நின்னு, தலையக் குனிஞ்சு, வறுத்த கொள்ள நக்கி நக்கித் திங்குதுக. கல்லு எறிஞ்சா உழுகற தூரம். மேலெல்லாம் புள்ளி. காது மட்டும் தனியாத் திரும்புது. அந்தப் பெட்டை தலையத் தூக்கி என்னையப் பாத்துச்சு. பயமே இல்லை அந்தக் கண்ணுல. அதே கண்ணுதான். ரோட்டுல தொறந்து கெடந்துச்சே, அதே கண்ணு. மானுதானான்னு நான் சிரிச்சனே, அந்தக் கண்ணு. என்னமோ கூப்புட்டு எலை போட்டு ஒக்கார வெச்ச மாதிரி பாத்துப்போட்டு, மறுக்காக் குனிஞ்சு திங்குது. குட்டி அது வகுத்துக்குக் கீழ போயி முட்டுது. எம்பட கையால. எம்பட கையாலயே தீனி போட வெச்சுட்டாரே அந்த மனுசன். வறுத்தாலும் தீனிதானே, புத்தி கெட்டவளே, மொளைக்காதுன்னு பாத்தியே ஒழிய திங்காதுன்னு நெனச்சியா? குனிஞ்சு ஒரு மண்ணாங்கட்டிய எடுத்தேன். "திங்காதே!"ன்னு கத்துனேன். என்ன கத்துனேன்னு முழுசா நெனப்பில்லை. எம்பட பையன், பாவி, போ, செத்துத் தொலைன்னெல்லாம் கத்துனேன். வீசுனேன். இன்னொண்ணு எடுத்து வீசுனேன். மயிலெல்லாம் படபடன்னு எந்திரிச்சுப் பறக்குது. மானுக துள்ளுச்சு. கரட்டுக்கு ஓடோணும் அதுக, ஓடிப் பழகுன பக்கம் அதுதான். அந்தப் பக்கம் நான்தானே நிக்கறேன், கையத் தூக்கிக்கிட்டு, பேயாட்ட. எனக்குப் பயந்து எதுத்த பக்கம் திரும்புச்சுக. ரோட்டுப் பக்கம். ஐயோ. வேண்டாம். அக்கட்டப் போகாதீங்கன்னு வாய் தொறக்கறதுக்குள்ள வேலியத் தாவியாச்சு, ஒண்ணு, ரெண்டு, குட்டி, அப்பத்தான் அந்தச் சத்தம் எனக்குக் காதுல உழுகுது. மொபெட்டுச் சத்தம். இத்தனை நேரமும் வந்துக்கிட்டுத்தான் இருந்திருக்குது. ரெண்டு வருசத்துல நான் கேக்காம உட்ட ஒரே வண்டிச் சத்தம் அதுதான். கிரீச்சுன்னுச்சு. தகரம் உருள்ற சத்தம். பொறகு ஒரு சத்தமும் இல்லை.

ஓடறேன். உழவுச் சால் காலை வாருது, உழுகறேன், எந்திரிக்கறேன், ஓடறேன். ரெண்டு கூட்டம் நிக்கும். எந்தக் கூட்டம்? மானாத்தான் இருக்கோணும். சாமி, மானாத்தான் இருக்கோணும். இந்த ஒருக்கா மட்டும் மானுதானான்னு இருக்கட்டும். வேலியில சேலை மாட்டுது, கிழியட்டும். திருப்பத்துக்கு வந்துட்டேன், ரெண்டு வருசமா மிதிக்காத எடம், மிதிச்சுக்கிட்டுத்தான் ஓடறேன். கூட்டமே இல்லை. ரோடெல்லாம் வெள்ளையா ஓடுது. பாலு. கேன் ரெண்டும் ரெண்டு பக்கம் கெடக்குது. மொபெட்டு ஒருச்சாச்சுக் கெடக்குது, சக்கரம் இன்னும் சுத்துது. நடுவுல சென்னியப்பன், எங்கூருக்குப் பாலெடுக்க வர்ற சென்னியப்பன், காலை நீட்டி ஒக்காந்துக்கிட்டு முழங்கையத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு இருக்கறான். ஒக்காந்திருக்கறான். முட்டி போட்டு உழுந்து அவன் தலையப் புடிச்சேன். முன்னால, பொறகால, காதுக்குள்ள, முடியப் பிரிச்சு மண்டை பூராவும் தடவிப் பாத்தேன். கையில ரத்தம் வருதா, வருதான்னு பாத்தேன். "அக்கா, ஒண்ணும் ஆகலீங்க. கையிதான் சித்தெ தேஞ்சுது"ன்னான். "வாந்தி வருதா? கண்ணு கட்டுதா? எம்பேரு என்ன சொல்லு"ன்னேன். "நாகரத்தினக்கா. அட உடுங்கக்கா, நல்லாத்தான் இருக்கறேன். ஒரு குட்டி, காலுக்குள்ளயே வந்துச்சு. பிரேக்கப் புடிச்சேன், வழுக்கிருச்சு"ன்னான். மானு? "அதெல்லாம் தாண்டிப் போயிருச்சுங்க, குட்டியும் போயிருச்சு." சொல்லிக்கிட்டே கைய ஊனி எந்திரிச்சான். நின்னான். வேட்டியில பாலும் மண்ணுமா வடியுது. திருப்பத்தச் சுத்திப் பாத்தான். "அதிசயமால்ல இருக்குது. மாமன் இந்தக் காட்டுல கொள்ளு போட ஆரம்பிச்சதுல இருந்து, ரெண்டு வருசமா, இந்த எடத்துல ஒரு மானு குறுக்க வந்து நான் பாத்ததில்லீங்கக்கா. அதுக்கு முன்னாடியெல்லாம் பயந்துக்கிட்டு நான் ஊரைச் சுத்தித்தான் பால் கொண்டு போவேன். அதுகபாட்டுக்கு உள்ளயே மேயும், நான்பாட்டுக்குப் போவேன். இன்னைக்கு அதுகளுக்கு என்ன கெரகமோ."

ரோட்டுலயே ஒக்காந்துட்டேன். ஒரு மானு குறுக்க வந்ததில்லியாம். இத்தனை நாளா என்ன காரியம் பண்ணிக்கிட்டு இருந்தாருன்னு ஊருல பால்காரனுக்குத் தெரிஞ்சிருக்குது, எனக்குத் தெரியலை. தெரியலையா, தெரிஞ்சுக்கலையா. அப்படீன்னா அன்னைக்கு. அன்னைக்கு இந்தத் துண்டுல ஒருத்தர் கொள்ளு போட்டிருந்தா. இந்தக் காடு அப்பவும் எங்க காடுதான். சும்மாத்தான் கெடந்துச்சு, வேலாமுள்ளு மொளைச்சு. ரெண்டு கூடைக் கொள்ளு. ஒரு பொழுது வேலை. போட்டிருந்தா அந்தக் கலைமான் இங்கயே மேஞ்சுக்கிட்டு நின்னிருக்கும், தரணி திருப்பத்துல வேகத்தக் கொறைச்சு, அதை ஒருக்காப் பாத்துக்கிட்டே ஊட்டுக்கு வந்திருப்பான். அம்மா, இன்னைக்கு மானு பாத்தேன்னு சொல்லியிருப்பான். இவ்வளவுதானா? இவ்வளவுதான் வேண்டியிருந்துச்சா? ஐயோ தரணி. ஐயோ சாமி, எம்பட தங்கம். இதைத்தானே அந்த மனுசன் ஒவ்வொரு கை வீசறப்பவும் நெனச்சிருப்பாரு. இந்த நெனப்ப நெஞ்சுல வெச்சுக்கிட்டு எப்படி வெதைச்சாரு? நானாச்சும் மானைத் திட்டிக்கிட்டு இருந்தேன். அவருக்குத் திட்ட யாரு இருந்தா? அவரேதான் இருந்திருப்பாரு. வாய் உட்டு அழுதேன், நடு ரோட்டுல, பாலுக்குள்ள ஒக்காந்துக்கிட்டு. சென்னியப்பன் பயந்துட்டான். "அக்கா, எனக்குத்தான் ஒண்ணும் ஆகலியே, அழுவாதீங்க"ன்னு பக்கத்துல நின்னுக்கிட்டே இருந்தான். பொறகு கண்ணத் தொடச்சுக்கிட்டுக் கேட்டேன். "மாட்டுக்குப் போட கொள்ளு வெச்சிருக்கறியா சாமி ஊட்டுல?" "இருக்குதுங்க. எதுக்குங்கக்கா?" "பச்சைதானே? வறுக்காததுதானே?" "மாட்டுக்கு யாருங்க வறுத்துப் போடுவாங்க?" "நாளைக்கு வெடியாலயே கொண்டா. வெயிலுக்கு முன்னாடி வெதைக்கோணும்"ன்னேன். ஆகட்டுங்கன்னான். மொபெட்டு சக்கரம் கோணிருச்சு, ஓடலை. கேனைத் தூக்கிக் கட்டித் தள்ளிக்கிட்டே போனான்.

ஊட்டுக்கு வந்தப்ப லைட்டுப் போடற நேரம். அவரு கட்டில்ல தலையத் திருப்பி வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாரு. "என்ன சேலையெல்லாம் கிழிஞ்சிருக்குது? அழுதியா?"ன்னாரு. சுவிச்சப் போடாமயே கட்டிலு ஓரத்துல ஒக்காந்தேன். சொல்லிப்போட்டேன். எல்லாத்தையும் சொன்னேன். வறுத்துட்டனுங்க, ரசம் வெச்ச வாசமில்லைங்க அது, வறுத்த கொள்ளத்தான் வெதைச்சேன், மொளைக்கக் கூடாதுன்னுதான் பண்ணுனேன், மானு வந்துச்சு, நான்தான் தொரத்துனேன், ரோட்டுல போயி உழுந்துச்சுக, சென்னியப்பன் வண்டியோட உழுந்துட்டான். திட்டுவாருன்னு நெனச்சேன். திட்டட்டும், தட்டத் தூக்கி வீசட்டும். அவரு வறுத்ததப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலை. எம்பட மணிக்கட்ட எட்டிப் புடிச்சாரு. "சென்னியப்பன் எந்திரிச்சானா?"ன்னாரு.

"எந்திரிச்சானுங்க."

"தூக்கி உட்டியா?"

"தானாத்தானுங்க எந்திரிச்சான்."

"நின்னானா?"

"நின்னான். பேசுனான். வண்டியத் தள்ளிக்கிட்டு ஊட்டுக்கு நடந்து போனான்."

"நடந்து போனானா?"

"நடந்துதானுங்க போனான். அந்தத் திருப்பம் தாண்டற வரைக்கும் நின்னு பாத்துட்டுத்தான் வந்தேன்."

அவரு கண்ண மூடிக்கிட்டாரு. மூடுன கண்ணுல இருந்து தண்ணி காதுப்பக்கமா எறங்குது. தொடைக்க எம்பட கை போச்சு, போன கைய அப்படியே கன்னத்துல வெச்சு அமுத்திக்கிட்டாரு. வெளிய ஒரு வண்டி வந்து போச்சு.

"நாகு, இன்னொருக்காச் சொல்லு"ன்னாரு.

"நடந்து போனானுங்க"ன்னேன்.